மகளுக்கு சி.எஸ்.ஈ.யா, எக்கனாமிக்ஸா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மண்டிக்கணக்கு
மே 10, இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கம். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். மகளுக்கு ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி, ஃபர்ஸ்ட் குரூப். கணக்கு 94, இயற்பியல் 86, வேதியியல் 88, கட்ஆஃப் 181 வருகிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஏழரை சதவீத ஒதுக்கீட்டில் நல்ல கல்லூரியிலேயே பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது, ஃபீஸும் ஹாஸ்டலும் அரசே கட்டும் என்று பள்ளியில் சொல்கிறார்கள்.

ஆனால் பாப்பா எக்கனாமிக்ஸ் படிக்கணும் என்கிறாள். திடீரென்று வந்த ஆசை இல்லை. ஒன்பதாவது படிக்கும்போதே லீவு நாளில் என்கூட மண்டிக்கு வருவாள், தக்காளி ஏலம் விடும்போது பக்கத்தில் நின்று பெட்டி என்ன விலைக்குப் போனது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள், வராத நாளைக்கு ராத்திரி என்னிடம் கேட்டு எழுதுவாள். 14 கிலோ பெட்டி ஒரு வருஷம் நூற்றுச் சொச்சத்துக்குப் போகும், கீழே கொட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. 2023 ஜூலையில் கிலோவே நூறைத் தாண்டியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த நோட்டு இப்போது மூன்றாவது நோட்டு. போன லீவில் அத்தனையையும் மண்டி கம்ப்யூட்டரில் எக்செலில் ஏற்றி கோடு கோடாகப் படம் போட்டுக் காட்டினாள். "விலை ஏறினா எல்லாரும் நடுறாங்க, எல்லாரும் நட்டா விலை விழுது, விழுந்தா யாரும் நடமாட்டேங்கிறாங்க, மறுபடி ஏறுது, பாருங்கப்பா" என்றாள். நான் இருபத்திரண்டு வருஷமாக எழுதிய கணக்கு, எனக்கே அது தெரியவில்லை.

மச்சான் "வேற எதுவும் கிடைக்காதவங்க படிக்கிறது எக்கனாமிக்ஸ், சும்மா கிடைக்கிற இன்ஜினியரிங் சீட்டை விடாதே" என்கிறார். எனக்கு இரண்டு படிப்பிலும் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள்.

ஓஎம்ஆர்_வாசி
மே 10, இரவு 10.31

அண்ணே, நான் சாஃப்ட்வேரில் பதினொரு வருஷம். நேராகவே சொல்கிறேன், சி.எஸ்.ஈ. எடுக்கச் சொல்லுங்கள். நாலு வருஷம் கல்லூரிக் கட்டணம், விடுதி எல்லாம் அரசு கட்டுகிறது என்றால் அது சின்ன விஷயம் இல்லை. எங்கள் வீட்டில் என் படிப்புக்கு வாங்கிய கடனை நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருஷம் கட்டினேன்.

உள்ளே என்ன இருக்கும் என்று கேட்டீர்கள். முதல் வருஷம் கம்ப்யூட்டரைவிட மற்றதுதான் அதிகம்: கணக்கு, இயற்பியல், வேதியியல், இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ், கூடவே பைத்தான். அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரி என்றால் தமிழர் மரபு என்று ஒரு பாடமும் உண்டு. இரண்டாம் வருஷத்திலிருந்துதான் அசல் விஷயம் ஆரம்பிக்கும். டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம் (ஒரு வேலையைப் படிப்படியாகச் செய்யும் முறை), ஆப்பரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ் (தகவலை ஒழுங்காகச் சேமித்துத் தேடி எடுப்பது), அப்புறம் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், கம்பைலர். அல்காரிதமும் டேட்டாபேஸும் ஒழுங்காகப் படித்தால் பிற்பாடு எந்தத் துறைக்குப் போனாலும் கை கொடுக்கும். எக்கனாமிக்ஸை அப்புறம் எம்.ஏ.வில் படித்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2024-25இலிருந்து, இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏ.ஐ.சி.டி.இ., சீட் எண்ணிக்கைக்கு வைத்திருந்த உச்சவரம்பை எடுத்துவிட்டது. பல கல்லூரிகளில் மெக்கானிக்கல், சிவிலைக் குறைத்து கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டை ஏற்றிவிட்டார்கள், பாடம் எடுக்க ஆள் அதே வேகத்தில் வரவில்லை. அதனால் "சி.எஸ்.ஈ." என்ற பெயரை மட்டும் பார்த்து எந்தக் கல்லூரியிலும் சேர்த்துவிடாதீர்கள்.

வைகைக்கரை
மே 11, காலை 6.15

நான் மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் பொருளியல் எடுக்கிறேன். அண்ணே, உங்கள் மகள் அந்த நோட்டில் கண்டுபிடித்ததற்குப் பொருளியலில் பெயரே இருக்கிறது, சிலந்திவலைத் தேற்றம். விவசாயி இந்த வருஷ விலையைப் பார்த்து அடுத்த போகத்தை முடிவு செய்வதால் விலையும் விளைச்சலும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டே இருக்கும், வரைந்து பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வரும். நிக்கோலஸ் கால்டோர் 1934இல் அந்தப் பெயரை வைத்தார். நான் இதை வகுப்பில் எடுக்கும்போது பிள்ளைகள் படத்தை வரைந்து மனப்பாடம் செய்வார்கள். உங்கள் பெண் படத்தைப் பார்க்காமல் மண்டியிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறாள். எத்தனை வருஷம் பாடம் எடுத்தாலும் இப்படி ஒரு பிள்ளை அமைவது அபூர்வம், அதனால் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் ஊரில் "பி.ஏ. பொருளியல்" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு படிப்புகள் ஓடுகின்றன. ஒன்றில் நுண்பொருளியல் (தனி மனிதர், சந்தை அளவில்), பேரியல் (நாட்டு அளவில்), இந்தியப் பொருளாதாரம், தமிழ்நாட்டுப் பொருளாதாரம், பொது நிதி எல்லாம் கட்டுரை வடிவில் வரும், கணக்கு பெயருக்கு இருக்கும். இன்னொன்றில் கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, புள்ளியியல், எக்கனாமெட்ரிக்ஸ் (புள்ளிவிவரத்தை வைத்துப் பொருளாதாரத்தை அளந்து பார்க்கும் பாடம்) எல்லாம் கட்டாயப் பாடம். முதல் வகை மோசம் என்று சொல்லவில்லை, போட்டித் தேர்வுக்கும் ஆசிரியப் பணிக்கும் அது உதவுகிறது. ஆனால் கணக்கில் 94 வாங்கிய, விலையைக் கோடாக வரையும் பெண்ணுக்கு இரண்டாம் வகைதான் பொருந்தும். சேர்வதற்கு முன்னால் அந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்தை இறக்கிப் பாருங்கள், எக்கனாமெட்ரிக்ஸ் இருக்கிறதா, இருந்தால் கட்டாயப் பாடமா, விருப்பப் பாடமா என்று மட்டும் பாருங்கள். அந்த ஒரு வரியே மூன்று வருஷம் எப்படிப் போகும் என்று சொல்லிவிடும்.

உங்கள் மச்சான் சொல்வது முழுப் பொய் இல்லை, பல கல்லூரிகளில் கடைசியாக நிரம்புவது எங்கள் துறைதான். ஆனால் டெல்லி பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஹானர்ஸ் சேர ப்ளஸ் டூவில் கணக்கு கட்டாயம், அங்கே இடம் கிடைப்பது பெரும்பாடு. பெயர் ஒன்றுதான், மரியாதை ஊருக்கு ஊர் மாறுகிறது.

நடுப்பக்கம்
மே 11, காலை 11.02

வைகைக்கரை அம்மா சொன்னதை அனுபவித்தவன் நான். ப்ளஸ் டூவில் கணக்கு எடுத்து, ஆசைப்பட்டு பி.ஏ. பொருளியல் சேர்ந்தேன், கல்லூரி பெயர் வேண்டாம். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட கால்குலஸில் முதலில் வரும் வகையிடல் கணக்கு போட்டதில்லை, புள்ளியியலில் சராசரி, திட்ட விலக்கத்தோடு நின்றுவிட்டது. பல்கலைக்கழக மதிப்பெண் நல்ல மதிப்பெண். அந்தத் தைரியத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பொருளியல் எம்.எஸ். நுழைவுத் தேர்வு எழுதப் போனேன். கேள்வித்தாளைத் திருப்பினால் முழுக்கக் கணக்கு. பக்கத்து பெஞ்சில் இருந்தவர் பி.டெக். முடித்தவர், அவர் பேனா நிற்கவே இல்லை. நான் அரை மணி நேரத்தில் பேனாவை மூடிவைத்துவிட்டு மணி அடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ கணக்குப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து போட்டேன். இப்போது எம்.ஏ. படிக்கிறேன், நன்றாகப் போகிறது. என் வகுப்பில் பாதிப் பேர் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வந்தவர்கள். அவர்களுக்குக் கணக்கு தெரியும், மாடலைப் போட்டுவிடுவார்கள், ஆனால் ரேஷன் கடை எப்படி நடக்கிறது, நூறு நாள் வேலைக்கு யார் போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்று கேட்டால் தடுமாறுவார்கள். எனக்கு அது தெரியும், கணக்கில் தடுமாறுவேன். இரண்டும் தெரிந்த பிள்ளை ஒருத்தி ஒட்டன்சத்திரத்தில் இருக்கிறாள் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மண்டிக்கணக்கு
மே 11, இரவு 9.20

தம்பி, அம்மா, ரொம்ப நன்றி. எல்லாவற்றையும் பாப்பாவிடம் படித்துக் காட்டினேன். சிலந்திவலை என்று அம்மா எழுதியதைக் கேட்டதும் நோட்டை எடுத்து வந்து முதல் பக்கத்தில் அந்தப் பெயரை எழுதிக்கொண்டாள்.

ஒரு சந்தேகம். எக்கனாமிக்ஸ் எடுத்துவிட்டு நாளைக்கு வேலை கிடைக்கவில்லை, கம்ப்யூட்டர் பக்கம் போகணும் என்றால் முடியுமா? திரும்பி வர வழி இருந்தால் எனக்குப் பயம் கொஞ்சம் குறையும்.

ஓஎம்ஆர்_வாசி
மே 11, இரவு 10.05

அண்ணே, வழி இருக்கிறது. ப்ளஸ் டூவில் கணக்கு படித்திருந்தால் பி.ஏ. முடித்தவரும் எம்.சி.ஏ. (கம்ப்யூட்டர் முதுகலை) சேரலாம், அதற்கு டான்செட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஆனால் வேலைக்கு எடுக்கும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. சில பெரிய ஐ.டி. கம்பெனிகள் மூன்று வருஷப் பட்டம் முடித்தவர்களை எடுத்து மேற்படிப்பும் படிக்கவைக்கும் திட்டங்களில் பி.சி.ஏ., பி.எஸ்சி. என்றுதான் கேட்கிறார்கள், பி.ஏ. என்றால் விண்ணப்பமே ஏறாது. அதே பாடத்தை பி.எஸ்சி. பொருளியல் என்று நடத்தும் இடம் இருந்தாலும் அந்தப் பட்டியலில் பொருளியல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு வழி, சென்னை ஐ.ஐ.டி. நடத்தும் பி.எஸ். டேட்டா சயின்ஸ். 2020இல் ஆரம்பித்தது, ஆன்லைனில் பாடம், தேர்வு மட்டும் நேரில் போய் எழுத வேண்டும். ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு தேவையில்லை, நாலு வாரம் பாடம் நடத்தி அதிலேயே தகுதித் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். 2022இலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யு.ஜி.சி. அனுமதிக்கிறது. வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. நடுவில் நிறுத்தினாலும் அதுவரை படித்ததற்குச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும்.

நடுப்பக்கம்
மே 11, இரவு 10.40

அந்த பி.எஸ்.ஸை என் தங்கை பி.காம்.மோடு சேர்த்துப் படிக்கிறாள். வாரா வாரம் அசைன்மென்ட், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கெடு. வீட்டில் விசேஷம் வந்தாலும் மூலையில் லேப்டாப்போடுதான் இருப்பாள். முடியாது என்று சொல்லவில்லை, ஆனால் முதல் வருஷம் புது ஊர், புது ஹாஸ்டல் என்று இருக்கும்போது இரண்டையும் தலையில் ஏற்றாதீர்கள், இரண்டாம் வருஷம் ஆரம்பிக்கட்டும்.

பனையோலை
மே 12, காலை 7.30

வணக்கம் அண்ணா, நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே ஏ/எல் (உங்கள் ப்ளஸ் டூ மாதிரி) பிரிவு எடுக்கும்போதே பாதிக் கதவு மூடிவிடும். கணிதப் பிரிவு எடுத்தவர் கணினி விஞ்ஞானம் போவார், வர்த்தகமோ கலையோ எடுத்தவர்தான் பொருளியல் படித்திருப்பார். அதற்குமேல் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி (மதிப்பெண்களைச் சமப்படுத்திக் கணக்கிடும் புள்ளி), மாவட்ட ஒதுக்கீடு: 40 சதவீதம் முழுநாட்டுத் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பதினாறு வயதில் எடுத்த முடிவைப் பிறகு மாற்றுவது பெரும் கஷ்டம். நான் கலைப் பிரிவால் பொருளியலுக்குப் போய், வேலையில் சேர்ந்த பிறகுதான் வீட்டு வருமானக் கணக்கெடுப்புத் தரவுகளைக் கையாள 'ஆர்' என்ற கணினி மொழியைத் தனியாகக் கற்றேன். இரவில் பிள்ளை உறங்கிய பிறகு ஒரு மணித்தியாலம், இரண்டு வருடம். உங்கள் மகளுக்குப் பதினேழு வயதில் இரண்டு கதவும் திறந்து கிடக்கின்றன. அவசரப்பட்டு ஒன்றைச் சாத்திவிடாதேங்கோ.

வைகைக்கரை
மே 12, மாலை 5.45

நேற்று முழுக்க யோசித்தேன். இந்த இரண்டு படிப்பையும் எதிரும் புதிருமாக வைத்துப் பேசுகிறோம், ஆனால் துறைக்குள் அப்படி இல்லை. ஹெர்பர்ட் சைமன் 1975இல் கணினித் துறையின் டூரிங் விருதும் 1978இல் பொருளியல் நோபலும் வாங்கினார், ஒரே மனிதர். அமெரிக்காவில் எம்.ஐ.டி. 2017இலிருந்து கணினி அறிவியல், பொருளியல், தரவு அறிவியல் மூன்றையும் சேர்த்து ஒரே இளநிலைப் பட்டமாகத் தருகிறது. இங்கே பிட்ஸ் பிலானியில் எம்.எஸ்சி. பொருளியலில் சேர்ந்து, முதல் வருஷ மதிப்பெண்ணை வைத்துக் கூடவே பி.இ.யும் வாங்கலாம், ஆனால் கட்டணம் நம் வீடுகளுக்குக் கட்டுப்படியாகாது. டெல்லி ஐ.ஐ.ஐ.டி.யில் கணினி அறிவியலும் சமூக அறிவியலும் என்று ஒரு பி.டெக். இருக்கிறது.

அண்ணே, உங்கள் மண்டி ஏலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கேரளா வியாபாரி 500 வரை போகத் தயாராக இருக்கிறார், திண்டுக்கல்காரர் 430இல் நின்றுவிட்டார் என்றால், கேரளாக்காரர் 500 கொடுப்பதில்லை, 430க்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வாங்கிப் போகிறார். விலையை முடிவு செய்வது தோற்றவர் கடைசியாகக் கேட்ட விலை. வில்லியம் விக்ரி 1961இல் இதை எடுத்து, மூடிய கவரில் விலை எழுதிக் கொடுத்தாலும் ஜெயித்தவர் இரண்டாவது பெரிய விலையைக் கட்டினால் போதும் என்று வைத்தால், யாருக்கும் பொய் விலை எழுத வேண்டிய தேவையே இருக்காது என்று நிறுவினார். 1996இல் அவருக்கு நோபல். கூகுளில் நாம் ஒன்றைத் தேடும்போது பக்கத்தில் வரும் விளம்பரங்களும் அந்த நொடியில் நடக்கும் ஓர் ஏலத்தில் ஜெயித்தவைதான், அந்த ஏலத்தை எழுத அல்காரிதமும் தெரிய வேண்டும், பொருளியலும் தெரிய வேண்டும்.

இன்னும் ஒன்று, இது உங்களுக்கு இப்போதே உதவும். கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்துவதும் இதே துறைதான். டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் 1962இல் கல்லூரிச் சேர்க்கையை வைத்தே, யாருக்கு எந்த இடம் என்று முடிவு செய்யும் முறையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்த வழியில் வேலை செய்த ஆல்வின் ராத்துக்கும் ஷாப்லிக்கும் 2012இல் நோபல் கிடைத்தது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. சேர்க்கை 2015இலிருந்து அந்த முறையில்தான் ஓடுகிறது. நம் இன்ஜினியரிங் கலந்தாய்வான டி.என்.இ.ஏ.விலும் ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவர் பட்டியலையும் மேலிருந்து பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தைத் தருகிறார்கள். அதனால் "பெரிய கல்லூரியை முதலில் போட்டால் சின்னது போய்விடுமோ" என்று பயப்பட வேண்டாம். உண்மையில் எது வேண்டுமோ அதை முதலில் போடச் சொல்லுங்கள். வருஷா வருஷம் இந்தப் பயத்தில் பட்டியலைத் தலைகீழாகப் போட்டு நல்ல இடத்தை விட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

மண்டிக்கணக்கு
மே 13, இரவு 8.55

எல்லாருக்கும் வணக்கம், அப்பா ஐடியிலிருந்து நான்தான் எழுதுகிறேன், மகள். அம்மா, நீங்கள் எழுதிய ஏலம் விஷயத்தை இன்றைக்குக் காலையில் மண்டியில் போய்ச் சரிபார்த்தேன். பன்னிரண்டு லாட் எழுதினேன், யார் கடைசியாக நின்றார், எதில் முடிந்தது என்று. ஒன்பதில் நீங்கள் சொன்ன மாதிரியே வந்தது. மூன்றில் மட்டும் இரண்டாவது ஆள் நின்ற பிறகும் ஜெயித்தவர் தானாகவே விலையை ஏற்றினார், அப்பாவிடம் கேட்டேன், அந்த விவசாயி அவருக்கு வாடிக்கை, அடுத்த வாரமும் தன்னிடம் சரக்கு வரணும் என்று கூட்டிக் கொடுப்பாராம். இதுவும் கணக்கில் வருமா?

என் பயம் என்னவென்றால், சி.எஸ்.ஈ. போனால் இதையெல்லாம் மறந்துவிடுவேனோ என்று. எக்கனாமிக்ஸ் போனால் அப்பாவுக்கு ஹாஸ்டல் செலவு. அவர் பரவாயில்லை என்கிறார், ஆனால் எனக்குத் தெரியும்.

வைகைக்கரை
மே 13, இரவு 9.40

கண்ணு, கணக்கில் வரும். கேம் தியரி என்ற ஆட்டக் கோட்பாட்டில் அதற்கு மறுபடி மறுபடி ஆடும் ஆட்டம் என்று ஒரு பகுதியே இருக்கிறது. ஒரு நாள் வியாபாரமும் வருஷம் முழுக்கப் போகும் வியாபாரமும் வேறு வேறு என்பதை நீ பன்னிரண்டு லாட்டில் பார்த்துவிட்டாய்.

நான் பொருளியல் ஆசிரியை, உன்னை எங்கள் துறைக்கு இழுக்கத்தான் ஆசை. இருந்தாலும் உன் நிலைமையில் சி.எஸ்.ஈ. எடு என்றுதான் சொல்வேன். காரணம் செலவு மட்டும் இல்லை. பி.இ. முடித்தவர்களுக்குச் சென்னை மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ், இந்தியப் புள்ளியியல் நிறுவனம் மாதிரி இடங்களில் முதுகலைக் கதவு திறந்திருக்கிறது, இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுதவும் பொருளியல் முதுகலை இருந்தால் போதும், இளநிலை எதுவாக இருந்தாலும் சரி. நீ மறப்பாயா என்று கேட்டாய். நோட்டை நிறுத்தினால் மறப்பாய். லீவில் வரும்போதெல்லாம் மண்டிக்குப் போ, அப்பா தினமும் விலையை உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும், இரண்டாம் வருஷம் டேட்டாபேஸ் படிக்கும்போது அந்த மூன்று நோட்டையும் நீயே ஒரு டேட்டாபேஸாகக் கட்டு.

ஓஎம்ஆர்_வாசி
மே 13, இரவு 10.12

அதைக் கட்டும்போது எங்கே சிக்கினாலும் இங்கேயே எழுதும்மா, நான் பார்க்கிறேன். என்.பி.டி.இ.எல். என்ற இணையதளத்தில் ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் நடத்தும் பொருளியல், கேம் தியரி பாடங்கள் இலவசமாக இருக்கின்றன, தேர்வு எழுதினால் மட்டும் ஆயிரம் ரூபாய். புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் ஆயிரம் உனக்கு வரும், அதில் ஒரு மாசம் போதும்.

நடுப்பக்கம்
மே 14, காலை 8.20

நான் பொருளியல்தான் எடுக்கச் சொல்லியிருப்பேன், ஆனால் அம்மா சொன்ன காரணத்துக்குப் பதில் இல்லை. ஒன்று மட்டும். முதல் வருஷக் கணக்குப் பாடத்தை "பாஸானால் போதும்" என்று எல்லாரும் சொல்வார்கள், கேட்காதே. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரம் உனக்கு வரக்கூடாது.

மண்டிக்கணக்கு
மே 15, இரவு 9.30

அப்பாதான். பாப்பா நேற்று முழுக்க ஒன்றும் பேசவில்லை, இன்றைக்குச் சாயங்காலம் டி.என்.இ.ஏ.வில் பதிந்துவிட்டு வந்தாள். கலைக் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வைத்திருக்கிறாள், எக்கனாமெட்ரிக்ஸ் கட்டாயப் பாடமாக உள்ள இடமாகப் பார்த்து. நல்ல கல்லூரியில் சி.எஸ்.ஈ. வந்தால் அது, சுமாரான கல்லூரிதான் வந்தால் எக்கனாமிக்ஸ், இது அவள் போட்ட வரிசை. ஹாஸ்டல் செலவைப் பற்றி நான் பேசவே கூடாது என்று சொல்லிவிட்டேன், அது என் பாடு. மச்சானிடமும் சொல்லியாயிற்று.

கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறது, அதுவரை எக்கனாமிக்ஸில் எதைப் படிக்கலாம் என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னாள்.

வைகைக்கரை
மே 15, இரவு 10.05

நம் ப்ளஸ் ஒன் பொருளியல் பாடநூலில் ஆரம்பிக்கட்டும், அதில்தான் நுண்பொருளியல் இருக்கிறது, தமிழிலேயே இணையத்தில் கிடைக்கும், காசு வேண்டாம். தேவை, அளிப்பு, நெகிழ்ச்சி (விலை மாறினால் வாங்குவதும் விற்பதும் எவ்வளவு மாறுகிறது) பற்றிய பகுதிகளைத் தக்காளி நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள். அது முடிந்ததும் என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்பு நுண்பொருளியல், ஆங்கிலத்தில், கல்லூரிக்கு அந்தச் சொற்கள் தேவைப்படும். அந்த வாடிக்கைக்காரர் கூட்டிக் கொடுத்த மூன்று லாட்டுக்கும் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள், ஒரு மாசம் எழுதிய பிறகு எனக்கு அனுப்பட்டும், நானும் பார்க்க வேண்டும்.